தோஷம் இருக்கிறதா? நல்லது!

நல்ல சிவப்பாக ஒரு கெம்பு வேண்டும். உள்ளே ஒரு புள்ளி, ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. விலையும் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். கடையில் இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்பவருக்குக் கிடைக்கக்கூடியது அநேகமாக ஒன்றுதான்: உலையில் சில மணி நேரத்தில் வளர்ந்த கல். கடைக்காரர் ஏமாற்றினார் என்று பிறகு புலம்புகிறோம். பாதி வேலையை நாமே செய்து கொடுத்துவிட்டோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

ராசிக்கல் எழுதித் தருபவர்கள் சீட்டின் ஓரத்தில் ‘தோஷமில்லாத கல்’ என்று சேர்த்து எழுதுவது வழக்கம். இது பழைய மரபுதான். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைவீதியைக் காட்டும்போதே கற்களின் குற்றங்களை வகைப்படுத்திச் சொல்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் குற்றம் என்பது விலையைக் குறைக்கும் விஷயம். இன்று அதுவே கல் மண்ணிலிருந்து வந்தது என்பதற்கான சாட்சி. அந்தச் சாட்சியை அழித்துக் கொண்டுவா என்று கேட்டு வாங்கிவிட்டு, ‘இது ஒரிஜினல்தானா?’ என்று வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுவதில் என்ன பயன்?

வீட்டிலேயே கல்லைச் சோதிக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். ஒரு லூப் (நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி), ஒரு சின்னத் தராசு, ஒரு வெள்ளைக் கிண்ணம், கொஞ்சம் பொறுமை. இவை எதுவரை கூட்டிப் போகும், எங்கே கைவிடும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

பாட்டியின் பர்மா கெம்பு

‘இது பாட்டி காலத்து நகை, அப்போதெல்லாம் போலி ஏது?’ என்பதுதான் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாதம். அது நிற்காது. பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னுயீ, கெம்பை உருக்கி வளர்க்கும் முறையை 1890களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, மூடி முத்திரையிட்ட குறிப்புகளாகப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒப்படைத்துவிட்டார். உலகுக்கு அறிவித்தது 1902இல். 1907வாக்கில் இந்த முறையில் ஆண்டுக்கு 1,000 கிலோ கல் உற்பத்தியானது. காரட் கணக்கில் 50 லட்சம். அதற்கும் முன்னால், 1880களின் நடுவிலேயே, ‘ஜெனீவா கெம்பு’ என்ற பெயரில் உருக்கிச் செய்த கற்கள் இயற்கைக் கல்லாக விற்கப்பட்டு மாட்டிக்கொண்ட கதையும் உண்டு.

செட்டிநாட்டுக் குடும்பங்கள் ரங்கூனில் வட்டிக்கடை வைத்து, பர்மா கெம்பு பதித்த அட்டிகைகளோடு ஊர் திரும்பிய காலமும் இதுவேதான். 1889இல் தொடங்கப்பட்ட பர்மா ரூபி மைன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1925இல் கலைக்கப்படும் நிலைக்கு வந்ததற்குச் செயற்கைக் கெம்பின் வரவும் ஒரு காரணம். ஆக, 1910க்குப் பிந்தைய நகை என்றால் அதன் வயது எதையும் நிரூபிப்பதில்லை. ஒரே அட்டிகையில் நாலு கல் பர்மாவின் மொகோக் சுரங்கத்திலிருந்தும் ஐந்தாவது கல் ஐரோப்பிய உலையிலிருந்தும் வந்திருக்கலாம். விழுந்த கல்லுக்குப் பதிலாக ஆசாரி எதைப் பதித்தார் என்று யாருக்குத் தெரியும்?

தொழிலின் கதை நம் பக்கமும் நீள்கிறது. மேட்டுப்பாளையத்தில் செயற்கைக் கெம்பு வளர்க்கும் ஆலை இயங்கியது. திருச்சியிலும் புதுக்கோட்டை வட்டாரக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு சாணைச் சக்கரம் சுழன்று, செயற்கைக் கற்கள் பட்டை தீட்டப்பட்டன. இயந்திரத்தில் வெட்டப்பட்டு வந்த சீனக் கற்கள் அந்தத் தொழிலை நசுக்கும்வரை, பல ஆயிரம் குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. அவர்கள் செயற்கை என்று சொல்லியே விற்றார்கள். கைமாறிக் கைமாறி வரும் வழியில் அந்தச் சொல் எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

ஏமாற்று வேலையும் புதிதல்ல. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பச்சைக்கல், நீலக்கல், படிகம் எல்லாம் மணிகளாக அறுக்கப்பட்டதை அகழாய்வுகள் காட்டுகின்றன. காங்கயத்தை அடுத்த படியூரில் கடல்நீல நிறப் பெரில் கல் கிடைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் கற்கள் இந்தியாவிலிருந்து வருவதைப் பற்றி எழுதிவிட்டு, படிகத்துக்குச் சாயமேற்றி விலையுயர்ந்த கற்களைப்போல், குறிப்பாகப் பெரிலைப்போல், செய்யும் வித்தையை இந்தியர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றும் குறித்து வைத்திருக்கிறார். வாங்கி ஏமாந்த யாரோ ஒரு ரோமானியர் புகார் செய்திருக்க வேண்டும்.

போலி வேறு, செயற்கை வேறு

சோதனைக்கு உட்காருமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கெம்பு என்று சொல்லிச் சிவப்புக் கண்ணாடியைக் கொடுத்தால் அது போலி. பொருளே வேறு, எடை, கடினம், ஒளியை வளைக்கும் விதம் எல்லாம் வேறு. செயற்கைக் கெம்பு அப்படியல்ல. அது நிஜமாகவே கெம்பு. அலுமினியம் ஆக்சைடு, நிறத்துக்குத் துளி குரோமியம், மோ அளவில் 9 என்ற கடினம், தண்ணீரைப்போல் 4 மடங்கு அடர்த்தி. மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வளர்ந்ததற்கும் உலையில் போன வாரம் வளர்ந்ததற்கும் இவற்றில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் வளர்ந்த விதத்தில் மட்டும்.

எனவே போலியைப் பிடிப்பது சுலபம். செயற்கையைப் பிடிப்பது கடினம். யூடியூபில் உலவும் ‘வீட்டுச் சோதனை’களில் பெரும்பாலானவை முதலாவதைக்கூடச் சரியாகச் செய்வதில்லை. நீலக்கல்லைப் பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரியும் என்பார்கள். வெள்ளைப் பின்னணியில் எந்த நீலக் கண்ணாடியைப் போட்டாலும் அப்படித்தான் தெரியும். கல்லின் மேல் தலைமுடியைச் சுற்றித் தீக்குச்சி காட்டினால் முடி கருகாது என்பார்கள். வெப்பத்தை நன்றாகக் கடத்தும் பொருள் எதைச் சுற்றினாலும் முடி கொஞ்ச நேரம் தப்பும். செயற்கைக் கல்லும் இயற்கைக் கல்லைப்போலவே கடத்துகிறது. கல்லுக்குள் விரிசல் இருந்தால் அந்தத் தீயே அதைப் பிளந்துவிடலாம். தலையணைக்கடியில் வைத்துக் கனவைப் பார்ப்பது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூக்கமாவது வரும்.

கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும் வேண்டாம். செயற்கைக் கல்லும் கீறும். படிகமும் கீறும். மிஞ்சுவது, பட்டையின் விளிம்பு உடைந்த ஒரு கல்.

தராசு சொல்வது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை எடை பார்ப்பதுதான். ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சங்கதி, செலவும் இல்லை. 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. நகையிலிருந்து கழற்றிய கல்லாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

புஷ்பராகத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம்மூரில் அதிகம் குழப்பப்படும் கல் அதுதான். கனக புஷ்பராகம் என்று விற்கப்படுவது மஞ்சள் நீலக்கல்லாக, அதாவது கெம்பின் மஞ்சள் சகோதரனாக, இருக்க வேண்டும். அதன் இடத்தில் டோபாஸ் வரலாம், சிட்ரின் என்ற மஞ்சள் படிகம் வரலாம், வெறும் கண்ணாடியும் வரலாம். கண்ணுக்கு நாலும் மஞ்சள்.

முதலில் கல்லை உலர்வாக நிறுங்கள். 1.20 கிராம், அதாவது 6 காரட், என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு சிறிய டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டாது. கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுதாக மூழ்கும்படி, ஆனால் டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி, கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

நிஜப் புஷ்பராகம் என்றால் தராசு 0.30 காட்டும், அடர்த்தி 4. டோபாஸ் என்றால் 0.34, அடர்த்தி 3.53. சிட்ரின் 0.45 காட்டும், அதன் அடர்த்தி 2.65. சாதாரணக் கண்ணாடியும் சிட்ரினுக்கு அருகிலேயே நிற்கும். ஈயம் கலந்த கண்ணாடி மட்டும் எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்டக்கூடிய போக்கிரி. இதே வழியில் கோமேதகத்துக்கு 3.65, வைடூரியத்துக்கு 3.73, மரகதத்துக்கு 2.7 சுற்றிலும், அமெரிக்கன் டைமண்டுக்கு 5.6க்கு மேல் வர வேண்டும்.

கல் சிறிதானால் இந்தக் கணக்கு தள்ளாடும். 1 காரட் புஷ்பராகம் ஒதுக்கும் தண்ணீர் 0.05 கிராம்தான், தராசு ஒரு புள்ளி தடுமாறினாலே விடை தலைகீழாகிவிடும். 4 காரட்டுக்குக் கீழே போனால் 0.001 வரை காட்டும் தராசு வேண்டும். 0.30 வந்துவிட்டது என்று துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். உலையில் வளர்ந்த மஞ்சள் கல்லும் அதே 0.30தான் காட்டும். போலி இல்லை என்பது மட்டுமே உறுதியாகியிருக்கிறது.

கோடு வளைந்தால்...

அடுத்தது லூப். 10 மடங்கு பெரிதாக்கும் நல்ல லூப் போதும். 30 மடங்கு, 60 மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டு வருபவற்றை நம்ப வேண்டாம். படம் மங்கித்தான் தெரியும். லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை ஓர் அங்குல தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் கல்லின் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரட்டும். மேலே விழும் வெளிச்சம் பட்டைகளில் எதிரொளித்துக் கண்ணைக் கூசவைக்குமே தவிர, உள்ளே போகாது.

வெர்னுயீயின் உலையில் அலுமினியம் ஆக்சைடு பொடி தீச்சுடர் வழியாக உதிர்ந்து, உருகி, சுழலும் தண்டின் மேல் துளித்துளியாகப் படிகிறது. வளரும் கட்டியின் உச்சி குவிந்திருப்பதால் ஒவ்வோர் அடுக்கும் வளைந்தே படிகிறது. அந்த வளைவு கல்லுக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பழைய இசைத்தட்டின் கோடுகள்போல மெல்லிய, ஒன்றுக்கொன்று இணையான வளைகோடுகள். மண்ணில் வளரும் கல் அறுகோணமாக வளர்வதால் அதன் அடுக்குகள் நேர்க்கோடுகள்; திரும்பினாலும் 120 பாகையில் மடங்கித் திரும்பும். வளைந்த கோட்டைப் பார்த்துவிட்டால் வழக்கு முடிந்தது, மேல்முறையீடு இல்லை.

அதைப் பார்ப்பதுதான் பாடு. வெள்ளைக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி, கல்லை மூழ்கவைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் மேற்பட்டைகளின் பளபளப்பு அடங்கி உள்ளே இருப்பது தெளியும். நீலக்கல்லில் நிறப்பட்டைகள் அகலமாக இருப்பதால் ஆரம்பக்காரருக்கும் தெரியும். கெம்பில் கோடுகள் மிக மெல்லியவை; பத்துக் கோணத்தில் திருப்பினால் ஒரு கோணத்தில் பளிச்சிடும். மஞ்சளில் அநேகமாகத் தெரியவே தெரியாது. புஷ்பராகம் வாங்குவோருக்கு இந்த இடத்தில் வீட்டுச் சோதனை கைவிரித்துவிடுகிறது.

எண்ணெய்க் கிண்ணம் இன்னும் இரண்டு தில்லுமுல்லுகளைக் காட்டிக்கொடுக்கும். மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு என ஒட்டிய இரட்டைக் கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டிய கோடு தெரியும். நிறம் பட்டை விளிம்புகளில் மட்டும் அடர்ந்து சிலந்தி வலைபோல் தெரிந்தால், வெளிறிய கல்லின் தோலில் மட்டும் சாயம் புகுத்திச் சுட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

தனித்தனியாக, உருண்டையாக நிற்கும் காற்றுக்குமிழ்கள் உலைக்கல்லின் இன்னோர் அடையாளம்; கண்ணாடியிலும் வரும். ஆனால் குமிழ் கண்டதும் கல்லைத் தூக்கியெறிய வேண்டாம். கொலம்பிய மரகதத்தில் ஒரு சின்னக் குழிக்குள் திரவமும், அதில் குமிழும், பக்கத்தில் ஒரு உப்புக் கட்டியும் சேர்ந்தே இருக்கும். அது பூமி போட்ட கையெழுத்து.

இயற்கைக் கல்லுக்குள் வேறென்ன இருக்கும்? இலங்கை நீலக்கல்லிலும் பர்மா கெம்பிலும் ‘பட்டு’ என்று வியாபாரிகள் சொல்லும் நுண்ணூசிகள், மூன்று திசைகளில் 60 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. கைரேகைபோல் பரவிய திரவத் துளிகள். சுற்றிலும் விரிசல் வளையம் போட்டுக்கொண்ட குட்டிப் படிகங்கள். கோமேதகத்தில் சர்க்கரைப்பாகு சுழல்வதுபோன்ற கலங்கல். இவைதாம் ஜோசியர் வேண்டாம் என்று சொன்ன தோஷங்கள்!

பட்டு சிதையாமல் கூராக இருந்தால் கல் சூடேற்றப்படவில்லை என்பதற்கும் அது நல்ல குறிப்பு. இன்று சந்தையில் இருக்கும் நீலக்கல், கெம்பு பெரும்பாலும் சூடேற்றப்பட்டவை. இலங்கையின் இரத்தினபுரியில் ஒருகாலத்தில் மதிப்பில்லாமல் கிடந்த பால்நிறக் கெவுடாக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மூட்டையாக வாங்கிப்போய் உலையில் சுட்டு ஆழ்ந்த நீலமாக்கினார்கள். பிறகு அந்த வித்தையை இலங்கையரும் கற்றுக்கொண்டனர். சூடேற்றிய கல் இயற்கைக் கல்தான். விலை மட்டும் வேறு. மறைக்காமல் சொல்லி விற்றால் குற்றமில்லை.

கண்ணாடி நிரப்பிய கெம்பு அப்படியல்ல. 2004வாக்கில் சந்தைக்கு வந்த சரக்கு இது. விரிசல் மண்டிய மட்டமான கெம்புக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றி, தெளிந்த கல்லாக்கிவிடுகிறார்கள். கல்லை ஆட்டிக்கொண்டே லூப்பில் பார்த்தால் விரிசல் வழியே நீலமாகவோ ஆரஞ்சாகவோ ஒரு மின்னல் ஓடும். தட்டையான குமிழ்களும் தெரியும். இதற்கு எலுமிச்சைச் சாறே எமன். அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். ஆசாரியின் அமிலத் தொட்டியில் போட்டு எடுத்தால் கல் வெண்கோடுகளாக வெளிறிப்போகும். பெரிய கெம்பு, சிறிய விலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

மின்னும் கோடுள்ள கற்களில் ஏமாற்றைப் பிடிப்பது எளிது. வைடூரியத்தின் இடத்தில் வரும் கண்ணாடி நாரிழைக் கல்லைப் பக்கவாட்டில் லூப்பில் பாருங்கள். தேன்கூட்டின் அறைகள் வரிசையாகத் தெரியும். நட்சத்திரக் கெம்பில் ஆறு கதிர்களும் அளவெடுத்துக் கீறியதுபோல் கூராக இருந்து, அடிப்பாகமும் மழமழவென்று சமதளமாக இருந்தால் செயற்கை என்றே சந்தேகிக்கலாம். இயற்கை நட்சத்திரம் கொஞ்சம் கோணலாக, ஒரு கால் மங்கலாக இருக்கும். எடை கூடட்டும் என்று அடிப்பாகத்தையும் பெரும்பாலும் கரடாகவே விட்டுவிடுவார்கள்.

கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். செயற்கைக் கெம்பு அதில் பிரமாதமாகச் சிவந்து ஒளிரும். சிக்கல், பர்மா கெம்பும் அப்படியே ஒளிரும். இரும்புச்சத்து அதிகமுள்ள தாய்லாந்துக் கெம்பு ஒளிராது. ஆகவே துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மரகதம், வைரம்: கை எட்டாத இடம்

மரகதத்தில் வீட்டுச் சோதனைக்காரர் அடக்கமாக இருப்பது நல்லது. 1930களிலேயே அமெரிக்காவில் கரோல் சாத்தம் செயற்கை மரகதம் வளர்த்துவிட்டார். அந்த முறையில் வளர்ந்த கல்லுக்குள் புகைப்படலம்போல் நெளியும் திரைகள் இயற்கைக் கல்லின் கைரேகைகளை அப்படியே ஒத்திருந்து, பழகிய கண்ணையும் ஏமாற்றும். சோதிக்கிறேன் என்று மரகதத்தை அசிட்டோனிலோ வெந்நீரிலோ போட்டுவிடாதீர்கள். இயற்கை மரகதங்களில் பெரும்பாலானவற்றின் விரிசல்களில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அது வெளியேறினால் விரிசல்கள் அத்தனையும் கண்ணில் தைக்கும்.

வைரத்தில் அமெரிக்கன் டைமண்டைப் பிடிப்பது விளையாட்டு. வாயால் ஊதினால் வைரத்தின் மேல் படியும் ஆவி நொடியில் மறையும். மற்றதில் தங்கி நிற்கும். ஒரே அளவுள்ள இரண்டு கற்களில் அமெரிக்கன் டைமண்ட் ஒன்றரை மடங்குக்கும் மேல் கனக்கும். வைரத்தின் இடத்தில் வரும் இன்னொரு செயற்கைக் கல்லான மாய்சனைட் கொஞ்சம் கெட்டிக்காரன். வெப்பத்தைப் பார்த்துச் சொல்லும் பேனா வடிவக் கருவி அதையும் வைரம் என்றே சொல்லிவிடும். லூப்பில் சாய்த்துப் பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் ஒருபோதும் அப்படித் தெரியாது.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமா, சுரங்க வைரமா என்பது வீட்டில் தெரியவே தெரியாது. லூப்பாலும் முடியாது, தராசாலும் முடியாது, கடைக்காரரின் முப்பது வருட அனுபவத்தாலும் முடியாது. நிறமாலைக் கருவி வேண்டும். 2023இல் மத்திய அரசு இந்த வைரங்களுக்கான ஆய்வுக்கு 242 கோடி ரூபாயைச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஒதுக்கியது; அதே ஆண்டு பிரதமர் மோடி அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனின் மனைவிக்கு 7.5 காரட் ஆய்வக வைரத்தைப் பரிசளித்தார். ஒளித்து மறைக்க வேண்டிய பொருளல்ல அது. சுரங்க வைரத்தின் விலையை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பதுதான் திருட்டு.

நகையில் பதித்த கல்லானால் மேலே சொன்னவற்றில் பாதி உதவாது. பின்பக்கம் மூடி, உள்ளே நிறத் தகடு வைத்துக் கட்டிய பழைய அட்டிகைகளில் நிறம் கல்லுடையதா தகட்டுடையதா என்பதே தெரியாது. ஆய்வுக்காக அவற்றைப் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கட்டு வேலை திரும்ப வராது.

மற்றபடி, தராசும் லூப்பும் ‘போலி இல்லை’ என்று சொல்லி, விலையும் மனதை உறுத்தும் அளவில் இருந்தால், ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். கடைக்காரர் தரும் அட்டையை அல்ல, நீங்களே அனுப்பிப் பெறும் அறிக்கையை நம்புங்கள். ஜெய்ப்பூரில் நவரத்தினப் பரிசோதனைக் கூடம் 1972 முதல் இயங்குகிறது. மும்பையிலும் பெயர்பெற்ற கூடங்கள் உண்டு. அறிக்கையில் கல்லின் பெயருக்கு முன்னால் ‘நேச்சுரல்’ என்று இருக்கிறதா, ‘சிந்தெட்டிக்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பையும் படிக்க வேண்டும். சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். வாங்கும்போது பில்லிலும் வெறும் ‘கெம்பு’ என்று எழுதவிடாமல், ‘இயற்கைக் கெம்பு, சூடேற்றியது’ என்றோ ‘சூடேற்றாதது’ என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் வேறு நகை பார்க்கலாம்.

செவ்வந்திக்கல் விஷயத்தில் மட்டும் இவ்வளவு சிரமம் வேண்டாம். செயற்கைச் செவ்வந்திக்கல்லை ஆய்வகங்களே அகச்சிவப்புக் கருவி இல்லாமல் உறுதியாகச் சொல்லத் திணறும். கல்லின் விலையைவிடப் பரிசோதனைக் கட்டணம் அதிகமாகிவிடும். நிறம் பிடித்திருந்தால் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.